பிராட்பரியை விட்டுவிடுங்கள்

அந்த வீடியோ மறுபடியும் வந்துவிட்டது. நாலு பேர் பனித்தரையில் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்ச் சுவர்ப் பக்கம் விழ, கடைசியில் தனியாக வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவன் பிராட்பரி கையைத் தூக்கியபடி கோட்டைத் தாண்டி ஒலிம்பிக் தங்கம் வாங்குவாரே, அதுதான். இந்தத் தடவை வந்தது எங்கள் புதுச்சேரி ஸ்கேட்டிங் பிள்ளைகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில். அதுவும் என் அக்கா மகள் ஒரு ரோலர் போட்டியில் இரண்டாவதாக வந்த அன்று இரவே. முன்னால் போன இரண்டு பேர் வளைவில் மோதி விழுந்தார்கள், இவள் வெளிப்பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டாள். வீடியோவுக்குக் கீழே "அதிர்ஷ்டம்னா இதுதான்" என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அங்கே சண்டை போட்டால் அக்கா என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன ஓட்டம் என்று தெரிந்துகொண்டு சிரிப்போம். அதன் பெயர் ஷார்ட் டிராக், பிளேடு பூட்டிய ஷூவோடு பனித்தரையில் சறுக்கிப் போகிற வேகப் பந்தயம். ஐஸ் ஹாக்கி ஆடுகிற அரங்குக்குள் போட்ட 111.12 மீட்டர் சுற்று. ஆளுக்கொரு பாதை கிடையாது, எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் முட்டிக்கொள்ள வேண்டும். பிராட்பரி ஓடிய 1000 மீட்டருக்கு ஒன்பது சுற்று. எப்போதும் இடது பக்கமே திரும்புவதால் பிளேடையே ஷூவின் நடுவில் வைக்காமல் இடதுபுறம் தள்ளிப் பொருத்துகிறார்கள், இடது கை விரல் நுனிகளில் கெட்டியான மூடி போட்ட கையுறை, வளைவில் அந்தக் கையைத் தரையில் உரசிக்கொண்டே போவார்கள். உடம்பு அவ்வளவு சாய்ந்திருக்கும்போது பக்கத்து ஆளின் தோள் லேசாகப் பட்டால் போதும், இரண்டு பேருமே காலி. அதாவது விழாமல் முடிப்பது இந்த ஆட்டத்தில் பாதி வேலை. வேகம் மீதிப் பாதி.

இப்போது அந்த 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்குக்கு வருவோம். காலிறுதியில் பிராட்பரி மூன்றாவதுதான் வந்தார், முன்னால் முடித்த கனடாவின் மார்க் காக்னோன் தகுதிநீக்கம் ஆனதால் அரையிறுதிக்குப் போனார். அரையிறுதியிலும் முன்னால் போனவர்கள் விழுந்தார்கள். சரி, இதுவரை அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இறுதிப் போட்டியில் அவர் பின்னால் இருந்தது தற்செயல் இல்லை. இருப்பவர்களில் வயதில் மூத்தவர் நான்தான், காலில் வலுவும் மிச்சமில்லை, முன்னால் போய் அமெரிக்காவின் அபோலோ ஓனோவோடும் சீனாவின் லி ஜியாஜுனோடும் முட்டினால் நிச்சயம் தோற்பேன், இவர்கள் தங்கத்துக்காக அடித்துக்கொண்டு விழ நல்ல வாய்ப்பிருக்கிறது, அதனால் விலகி நிற்பேன் என்று கணக்குப் போட்டே இறங்கினார். கடைசி வளைவில் அப்படியே நடந்தது. அந்தக் கூட்டத்துக்குள் அவரும் மூக்கை நுழைத்திருந்தால் ஐந்தாவது ஆளாக அவரும்தான் தரையில் கிடந்திருப்பார்.

அந்த வீடியோவில் வராத இன்னொன்று: 1994இல் மான்ட்ரியாலில் நடந்த ஒரு போட்டியில் இன்னொருவரின் பிளேடு இவர் தொடையைக் கிழித்து, நாலு லிட்டர் இரத்தம் போய், 111 தையல் போட்டார்கள். 2000இல் பயிற்சியில் விழுந்து கழுத்து எலும்பு முறிந்தது, இனிமேல் பனியில் இறங்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். அந்தத் தங்கத்தைக் கடைசி ஒன்றரை நிமிடத்துக்காக இல்லை, அதற்கு முந்தைய பத்து வருட உழைப்புக்காக வாங்கிக்கொண்டேன் என்கிற பொருளில் பின்னாளில் அவரே சொன்னார். (அந்தக் காலத்தில் அவர் ஸ்கேட் ஷூ தயாரித்து விற்றும் வந்தார், ஓனோவே அவர் செய்த ஷூவைப் போட்டவர். இது எனக்குப் பிடித்த துணுக்கு.)

அதே ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் முதலில் கோட்டைத் தாண்டியவர் கொரியாவின் கிம் டாங்-சுங். வழி மறித்தார் என்று அவரை நீக்கிவிட்டு இரண்டாவதாக வந்த ஓனோவுக்குத் தங்கம் கொடுத்தார்கள். கொரியாவே கொதித்தது. ஆனால் ஓனோவை வைத்து யாரும் கேலி வீடியோ போடுவதில்லை, ஏனென்றால் அவர் நட்சத்திரம், பார்த்தாலே ஜெயிக்கப் பிறந்தவர் மாதிரி இருப்பார். பின்னால் வருகிற ஆள் ஜெயித்தால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

ஒருவரோடு ஒருவர் மோதவே வாய்ப்பில்லாத லாங் டிராக் என்கிற பெரிய சுற்றுப் பனிப் பந்தயத்திலும் இது உண்டு. அங்கே 400 மீட்டர் சுற்று, இரண்டு இரண்டு பேராக, கடிகாரத்தோடுதான் போட்டி, சுற்றுக்கு ஒருமுறை உள்பாதையும் வெளிப்பாதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரை நெதர்லாந்தின் ஸ்வென் கிராமர் நான்கு விநாடிக்கு மேல் முன்னிலையில் முடித்தார், முடித்த பிறகுதான் தெரிந்தது, நடுவில் கோச் கெரார்ட் கெம்கெர்ஸ் தப்பான பாதையைக் கைகாட்ட இவரும் அதில் போய்விட்டார் என்று. தகுதிநீக்கம். தங்கம் கொரியாவின் லீ சுங்-ஹூனுக்குப் போனது. ஷார்ட் டிராக்கிலிருந்து மாறி வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர் அவர், 12:58.55இல் முடித்திருந்தார். பாதை மாறாமல் போவதும் விதிதானே? லீ அதைச் சரியாகச் செய்தார், கிராமர் செய்யவில்லை. இதில் லீயைக் குறைத்துப் பேச என்ன இருக்கிறது?

நம் பக்கம் பனி இல்லை, சக்கரம்தான். சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் ஸ்பிரிண்டை 1:24.924இல் முடித்துத் தங்கம் வாங்கியதிலிருந்து இங்கே சேருகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள் என்று தோன்றுகிறது, சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள், காந்தி சிலையைச் சுற்றி ஹெல்மெட்டும் முட்டிக் கவசமுமாக ஒரே கூட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் போட்டி நாளில் ஓரத்தில் நின்று பெற்றோர் கத்துவது ஒன்றே ஒன்றுதான்: "முன்னாடி போ, முன்னாடி போ!" ஏழு வயதுக் குழந்தை அதைக் கேட்டு இடமே இல்லாத இடத்தில் தலையை விடுகிறது. முழங்கை உரிகிறது, கூடவே இன்னொரு குழந்தையும் விழுகிறது. அப்புறம் ஒதுங்கிப் போய் முடித்த பிள்ளையைப் பார்த்து அதிர்ஷ்டக்காரி என்கிறோம்.

கோச்சுகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டிக்கு முன்னால் ஒரு வகுப்பை இதற்கென்றே ஒதுக்குங்கள்: முன்னால் போகிறவருக்கு எவ்வளவு இடம் விடுவது, அவர் தடுமாறினால் எந்தப் பக்கம் விலகுவது, தானே விழுந்தால் கையைக் காலை எப்படிச் சுருக்கிக்கொள்வது. பெற்றோரையும் வந்து உட்காரச் சொல்லுங்கள். அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் சமோசாவும் என் செலவு.