நகல் காருக்குக் கனவு காண்பவரைக் கேலி செய்யும் கனவான்களுக்கு

நம் கார் ஆர்வலர் குழுவில் சென்ற வாரம் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று விளக்கத் தேவையில்லை. பார்க்காதவர்கள் தேடிப்பிடித்துப் படிக்கவும் வேண்டாம். படித்தால் எனக்கு நேர்ந்ததைப் போல உங்களுக்கும் அன்றிரவு சாப்பாடு இறங்காது. இங்கிலாந்தின் லெஸ்டரில் வாடகை அறையில் இருக்கும் அந்தத் தம்பி, என்றாவது ஒரு வீடும் அதோடு ஒரு கராஜும் அமைந்தால் ஃபோர்டு ஜிடி40 என்ற பழைய பந்தயக் காரின் நகல் ஒன்றைத் தன் கையாலேயே கட்டுவேன் என்று எழுதி, தான் பென்சிலால் வரைந்த படத்தையும் போட்டிருந்தார். அதற்குக் கீழே நம் மதிப்பிற்குரிய சேகரிப்பாளர் ஐயா, அசலை வாங்க வக்கில்லாதவனுக்கு நகலில் என்ன கனவு என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று சிரித்தவர்களில் என் வீட்டில் கை நனைத்தவர்களும் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தன்னை நகல் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு நிற்கும் கார் யாரையும் ஏமாற்றவில்லை. அதைக் கட்ட ஆசைப்படுபவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

வக்கு என்று ஐயா சொன்னாரே, அந்தக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். அறுபதுகளில் கட்டப்பட்ட ஜிடி40 கார்கள் ஏறத்தாழ நூறுதான். 1966 முதல் 1969 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற குடும்பம் அது. அதிலும் 1968இலும் 1969இலும் வென்றது 1075 என்ற சட்டக எண்ணுள்ள ஒரே கார். 1969இல் மற்ற ஓட்டுநர்கள் எல்லாம் ஓடிப்போய்த் தத்தம் காரில் ஏற, அந்தத் தொடக்க முறை ஆபத்தானது என்று காட்டுவதற்காக அந்தக் காரின் ஓட்டுநர் ஜாக்கி இக்ஸ் நிதானமாக நடந்துபோய் ஏறி, வார்ப்பட்டையைப் பூட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். மறுநாள் ஏறக்குறைய 120 மீட்டர் வித்தியாசத்தில் ஒரு போர்ஷேவை முந்தி வென்றார். அந்தக் காரைப் போலவே கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் வெளிர்நீல, ஆரஞ்சு நிறத்தில் ஓடிய இன்னொரு ஜிடி40, 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கோடியே பத்து லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்தத் தொகையை வைத்துத்தான் ஒருவரின் ஆசைக்குத் தகுதி பார்க்க வேண்டுமென்றால், குழுவில் சிரித்த அத்தனை பேரும் வரிசையாக வெளியேற வேண்டியிருக்கும். ஐயாவும்தான்.

என் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி முன்பே ஓரிருமுறை எழுதியிருக்கிறேன். கோவென்ட்ரியில் கருவி செய்யும் பட்டறைகளில் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பெரியவர். ஐம்பதுகளின் பந்தயக் காரான ஜாகுவார் டி-டைப்பின் நகல் ஒன்றைத் தன் கராஜில் கட்டினார். பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே6 காரொன்றின் எஞ்சினும் பின்பக்க அச்சும் அவருடைய மூலதனம். உடலின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மரச்சட்டத்தை அவரே செய்தார். அலுமினியத் தகட்டை உருளைகளுக்கு இடையில் முன்னும் பின்னுமாக இழுத்து வளைவு ஏற்றுவார். பிறகு சட்டத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். முனகிவிட்டு மறுபடியும் இழுப்பார். டி-டைப்பின் வடிவத்தை மால்கம் சேயர் என்ற மனிதர் விமானத் தொழிலில் கற்ற காற்றியக்கக் கணக்குகளை வைத்து எண்களாகவே வரைந்தார் என்பதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எழும் அந்தத் துடுப்பின் அடிப்பகுதி உடலோடு சேரும் இடத்தில் தகடு எப்படித் திரும்ப வேண்டும் என்பது, நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க அவர் மறுபக்கம் ரிவெட் அடித்த மாலை நேரங்களில்தான் எனக்குப் புரிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று அருங்காட்சியகத்தில் பார்த்த அசல் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை.

அந்தக் கார், இப்படித் தனியாகக் கட்டிய வண்டிகளுக்கான அரசின் ஒப்புதல் சோதனைக்குப் போனபோது, வெளிப்புற விளிம்பு ஓரிடத்தில் கூர்மையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அரத்தால் ராவி, மறுபடி கொண்டுபோனார். பாகங்கள் பல வண்டிகளிலிருந்து வந்தவை என்பதால் பதிவெண்ணில் க்யூ என்ற எழுத்தோடு அது சாலைக்கு வந்தது. அதாவது, இது எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்ல முடியாத வண்டி என அரசே அதன் நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டது. இதற்குப் பிறகும் அவர் ஊரை ஏமாற்றுகிறார் என்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

"நகல் பெருகினால் அசலின் மதிப்புக் குறையும்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உலகிலேயே அதிகமாக நகலெடுக்கப்பட்ட காராகப் பேசப்படுவது ஷெல்பி கோப்ரா. அதன் அசல்களின் விலை என்ன இறங்கிவிட்டதா? ஃபெராரி 250 ஜிடிஓவுக்கு எத்தனையோ பேர் நகல் செய்த பிறகும், 2018இல் ஒரு ஜிடிஓ நான்கு கோடியே எண்பத்துநான்கு லட்சம் டாலருக்குப் போனது. "வடிவமைத்தவரை அவமதிப்பதாகும்" என்றார் இன்னொருவர். 1964, 1965 ஆண்டுகளில் ஆறே ஆறு கட்டப்பட்ட ஷெல்பி டேட்டோனா கூப்பேயை வரைந்த பீட்டர் பிராக், பல ஆண்டுகள் கழித்து அதன் வழியில் வந்த புதிய காரையும் தானே வரைந்து கொடுத்தார். அவருக்கு இல்லாத மானக்கேடு இங்கிருப்பவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

நகலை அசல் என்று சொல்லி விற்கும் ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள். அது குற்றம். காவல்துறை பார்த்துக்கொள்ளட்டும். பென்சில் படம் வரைந்த பையனிடம் ஏன் அந்தக் கணக்கைத் தீர்க்கிறீர்கள்?

இப்போது அசல் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் ஐயாவின் ஆயுதம் அதுதான். 1929இலும் 1930இலும் லே மான் வென்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ், 'ஓல்டு நம்பர் ஒன்' என்று புகழ்பெற்றது. 1990இல் அது லண்டனில் நீதிமன்றம் ஏறியது. வென்ற நாளில் அதில் இருந்த பாகங்களில் மிகச் சொற்பமே எஞ்சியிருந்தன. சட்டகமும் உடலும் எஞ்சினும் அடுத்தடுத்து மாறியிருந்தன. ஆனாலும் அது நடுவில் அறுபடாமல் தொடர்ந்து வந்த வரலாறு என்பதால் அதுவே அந்தக் கார் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். எனக்கு அதில் மறுப்பு இல்லை. திருப்பணியில் தூண் மாறலாம், விமானம் மாறலாம், கோயில் அதே கோயில்தான் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சலுகை பணம் படைத்தவரின் காருக்கு மட்டும் ஏன்? 1964இல் பிரான்சின் மோன்ட்லெரி பந்தயத் தடத்தில் ஓட்டுநர் பீட்டர் லிண்ட்னர் உயிரிழந்த விபத்தில் சிதைந்த, ஜாகுவாரின் எடை குறைந்த பந்தயக் காரான லைட்வெயிட் இ-டைப்பைப் பல்லாயிரம் மணி நேரம் உழைத்து மீண்டும் கட்டியபோது அதை மீட்பு என்று கைதட்டினோம். என் பக்கத்து வீட்டுக்காரர் அதே பொறுமையோடு அதே தகட்டை வளைத்தால் அது விளையாட்டுப் பொம்மையா?

இதைவிடப் பெரிய வேடிக்கையைச் சொல்கிறேன். 2008 முதல் டாடாவின் கையில் இருக்கும் ஜாகுவார் நிறுவனம், 1963இல் திட்டமிட்டுக் கட்டாமல் விட்ட ஆறு லைட்வெயிட் இ-டைப் கார்களை 2014இல் கட்டத் தொடங்கியது. 1957ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரவுன்ஸ் லேன் ஆலைத் தீயில் எரிந்துபோன, டி-டைப்பின் சாலை வடிவமான ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களுக்கு ஈடாகப் புதிதாக ஒன்பது கட்டப்போவதாக 2016இல் அறிவித்து, ஒவ்வொன்றையும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் விலை வைத்தது. 2018இல் டி-டைப் இருபத்தைந்து. அன்றைய தொழிலாளி ஒருவரும் தொடாத, அன்றைய பந்தயம் ஒன்றும் ஓடாத, நேற்று வார்த்த உலோகம் அது. அதற்குத் 'தொடர்ச்சி' என்று பெயர் சூட்டி, ஐயா சென்ற ஆண்டு பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதிய பதிவு இன்னும் குழுவில் இருக்கிறது. பத்து லட்சம் பவுண்டு கொடுத்தால் தொடர்ச்சி, பத்து வருடச் சேமிப்பைக் கொடுத்தால் வக்கின்மை. தொழிற்சாலையிடம் பழைய வரைபடங்கள் உண்டே என்று சொல்வீர்கள், சரி, உண்டு. மிக நல்ல கார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கேள்வி காரைப் பற்றியது அல்ல.

என் கனவு போர்ஷே 917 என்ற பழைய பந்தயக் கார். வாய்ப்பில்லை என்று எனக்கே தெரியும். அலுமினியக் குழாய்களால் ஆன அதன் சட்டகம் ஏறத்தாழ 42 கிலோதான். குழாய்களுக்குள் வாயுவை அடைத்து, அழுத்தம் இறங்கினால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். காற்றால் குளிரும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு நான் எங்கே போவேன்? போர்ஷேவின் சாலைக் காரான ஒரு 911இன் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்தால் பாவமா, குழாயை எஃகில் செய்தால் எடை எவ்வளவு கூடும், மேலே படுத்த நிலையில் சுழலும் அந்த விசிறியைப் பொய்யாகவாவது வைக்கலாமா என்று நண்பர்களோடு நள்ளிரவு வரை பேசியிருக்கிறேன். ஆறு சிலிண்டரில் அந்த ஒலி வராது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இதை ஒரு புதுமனைப் புகுவிழாவில் வாய்தவறிச் சொன்னபோது, என் சொந்த மச்சான் பந்தியில் எல்லோரும் கேட்கும்படி, "முதலில் வீட்டுக் கடனை அடைங்க மாப்பிள்ளை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்; நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தத் தம்பியும் ஐயாவின் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையைத்தான் போட்டிருந்தார். மறுநாள் காலையில் படத்தை நீக்கிவிட்டார். என் ஆத்திரம் அங்கேதான் இருக்கிறது.

ஒரே ஒரு பெட்டியோடு இந்த நாட்டுக்கு வந்தேன் என்று ஒவ்வொரு பொங்கல் விழா மேடையிலும் கண் கலங்கச் சொல்பவர் ஐயா. அந்தப் பெட்டிக்குள் கனவைத் தவிர வேறு என்ன இருந்தது என்று அவரைக் கேட்க எனக்கு வயது போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்றிரவு அவர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பி, குழுவின் ஒற்றுமை கருதி இந்த விவாதத்தை நிறுத்துமாறு கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். நானும் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். அவருடைய கராஜில் நிற்கும் ஐம்பதுகளின் பந்தயக் காரில், எஞ்சின் கட்டை எந்த ஆண்டுடையது, கதவுத் தகடு எந்த ஆண்டுடையது, தரைத் தகட்டை மாற்றியது யார், தைத்த இருக்கைத் தோல் எப்போது வந்தது என்று பாகம் பாகமாக ஒரு பட்டியலை அவர் குழுவில் வெளியிடட்டும். அதில் பாதிக்குமேல் அன்றையது என்று இருந்தால், அன்று மாலையே இந்தப் பதிவை நீக்குகிறேன்.