யாருடைய இறையாண்மை, ஐயா?

போதை ஒழிப்புக் கொலைகளுக்காகப் பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் டுடெர்டே 2025 மார்ச்சில் கைதாகி, ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்தக் கைதை வரவேற்று நான் எழுதிய நான்கு வரிகளுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள். "ஒரு நாட்டின் முன்னாள் அதிபரை ஹேக் நகருக்குத் தூக்கிக்கொண்டு போவதா? இறையாண்மை என்ன ஆயிற்று?" என்று எனக்குப் பாடம் எடுத்தவர்களில் பாதிப்பேர் என் பள்ளித் தோழர்கள். மிக்க நன்றி.

யாருடைய இறையாண்மை? அவர் ஆட்சியில் போதை ஒழிப்பு என்ற பெயரில் 6,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகப் பிலிப்பைன்ஸ் போலீஸே கணக்குக் காட்டியிருக்கிறது. மனித உரிமை அமைப்புகள் 30,000 வரை சொல்கின்றன. இவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள்?

உள்நாட்டில் நீதிமன்றம் இல்லையா என்கிறீர்கள். 2017-இல் மணிலாவை ஒட்டிய கலோகானில் 17 வயது மாணவன் ஒருவனைச் சுட்டுவிட்டு, அவன்தான் முதலில் சுட்டான் என்றது போலீஸ். அவனை இழுத்துச் செல்வது கேமராவில் பதிவாகியிருந்தது. மூன்று போலீஸார் தண்டனை பெற்றார்கள். கேமரா இல்லாத சந்துகளில் செத்தவர்களுக்கு?

ஹேக் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தத்திலிருந்துதான் பிலிப்பைன்ஸ் விலகிவிட்டதே என்று ஒருவர். 2018 பிப்ரவரியில் இந்தக் கொலைகள் பற்றி அந்த நீதிமன்றத்தின் முதற்கட்ட ஆய்வு தொடங்கியது. மறு மாதமே விலகல் அறிவிப்பு! அது நடைமுறைக்கு வந்தது 2019 மார்ச்சில். வழக்கு அதற்கு முந்தைய கொலைகளுக்கு. கடையை மூடிவிட்டேன், பழைய கடன் செல்லாது என்று நம் தெருவில் சொல்லிப் பாருங்கள்.

அதே நீதிமன்றம் கைது வாரண்ட் பிறப்பித்த ரஷ்ய அதிபர் புதின், அதன் உறுப்பு நாடான மங்கோலியாவுக்கு 2024-இல் போய் ராஜமரியாதையோடு திரும்பினாரே? உண்மைதான், வெட்கக்கேடு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் இவரையும் விட்டுவிடு என்பது என்ன கணக்கு? கைதின்போது அதிபராக இருந்த மார்கோஸின் குடும்பத்தோடு பகை, அதனால்தான் பிடித்துக் கொடுத்தார்கள் என்றால், இருக்கட்டுமே.

'கைதானபோதே 80 வயதை நெருங்கியவர், பாவம்' என்று வேறு. அவருக்கு வழக்கறிஞர் உண்டு, நீதிபதிகள் உண்டு. காணொளி வழியாக ஆஜராகும் சலுகையும் கிடைத்தது. கலோகானில் செத்த அந்தப் பையனுக்கு?

எங்கள் ஊரில் ஒருவர் வாய்க்காலை மறித்துச் சுவர் எழுப்பினார். இரண்டு போகம் எங்கள் வயல் காய்ந்தது. அப்பா தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதினார். அன்றிரவே நான்கு பெரியவர்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். "ஊர் விவகாரத்தை வெளியே கொண்டுபோகலாமா தம்பி?" என்றார்கள். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார்கள். சுவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பா மனுவை மடித்துப் பெட்டியில் வைத்தார். அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை.

இறையாண்மை என்று முதலில் எழுதியவன் அன்று அந்தத் திண்ணையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.