வில்லங்கச் சான்று பற்றி ஒரு சின்னத் திருத்தம்

பெரம்பூர்ப் பக்கம் பழைய ஓட்டு வீடு வாங்கப் பார்ப்பவருக்கு, "13 வருட வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்றால் சிக்கலே இல்லை" என்று சிலர் பதில் சொல்லியிருக்கிறார்கள். அது அப்படியில்லைங்க. வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்ற ஆவணங்களின் பட்டியல். நாம் கேட்ட காலத்துக்குள் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. 1990இல் எழுதிய பாகப்பிரிவினையும் அந்த 13 வருடத்துக்குள் சிக்காது.

சான்றின் மேல்பகுதியில் எந்தத் தேதியிலிருந்து எதுவரை தேடினார்கள் என்று இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் அந்த வீட்டு மனையின் சர்வே எண்ணைப் போட்டு 1975 முதல் தேடுங்கள், பார்வையிடக் காசு கிடையாது. அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடலாம். வீடுதான் சின்னது, பத்திரக் கட்டு பெரிதாக இருக்கும்!