தோளில் மண்டையோடு எதற்கு?

ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பிடமிருந்து ஈராக்கின் மொசூல் நகரை மீட்ட போர்க் காலத்துப் புகைப்படங்களை இந்த வாரம் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். ஈராக்கின் பயங்கரவாத எதிர்ப்புப் படை. 'தங்கப் படைப்பிரிவு' என்று சொன்னால் அங்கே எல்லோருக்கும் தெரியும். கறுப்புச் சீருடை, கறுப்பு ஹம்வி வண்டிகள். ஒருவர் முகத்தில் எலும்புக்கூட்டுத் தாடை வரைந்த முகமூடி, இன்னொருவர் மேல் 'பனிஷர்' என்ற காமிக்ஸ் பாத்திரத்தின் மண்டையோடு.

அந்த மண்டையோடு 1974இல் ஓர் அமெரிக்க காமிக்ஸில் பிறந்தது. சட்டத்தை ஒதுக்கிவிட்டுத் தானே தண்டனை கொடுக்கிற ஒருவனின் சின்னம். 2006இல் ஈராக்கின் ரமாதி நகரில் சண்டையிட்ட நேவி சீல் எனப்படும் அமெரிக்கக் கடற்படைச் சிறப்பு வீரர்கள் அதைத் தங்கள் கவச உடையிலும் வண்டியிலும் வரைந்துகொண்டார்கள். ஈராக் சிறப்புப் படையை 2003க்குப் பிறகு உருவாக்கிப் பயிற்சி கொடுத்ததும் அமெரிக்கச் சிறப்புப் படைகள்தான். துப்பாக்கி பிடிக்கும் விதத்தோடு இந்தப் படமும் சேர்ந்து வந்துவிட்டது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டை இருக்கும்போது தையல்காரர்கூட வேண்டாம், கையால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

வீரர்கள் ஆசைக்கு ஒட்டிக்கொள்கிறார்கள், விடுங்கள் என்று சிலர் சொல்லலாம். என்னால் அப்படி விட முடியவில்லை. ஈராக் மக்கள் சீருடையால் பட்டது கொஞ்சமில்லை. சதாம் காலத்தில் கறுப்பு உடுத்தி முகம் மூடி வந்தவர்கள் அவருக்கே விசுவாசமான ஃபிதாயீன் என்ற துணைப்படையினர். பிரதமர் மாலிகி இந்தச் சிறப்புப் படையைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தபோது, 'மாலிகியின் ஃபிதாயீன்' என்றே மக்கள் அதைக் கூப்பிட்டார்கள். அப்புறம் ஐ.எஸ். ஆட்களும் கறுப்பில்தான் வந்தார்கள். 2006 நவம்பர் 14 அன்று பாக்தாத்தில் உயர்கல்வி அமைச்சகக் கட்டடத்துக்குள் புகுந்து கூட்டமாக ஆட்களைக் கடத்திப் போனவர்கள் காவல்துறை கமாண்டோ உடையில் இருந்தார்கள். கதவைத் தட்டுகிறவன் யார் என்று சட்டையைப் பார்த்துத்தான் ஒரு குடும்பம் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சட்டையில் மண்டையோடு இருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

முகமூடியை நான் குறை சொல்ல மாட்டேன். 2006, 2007இல் ஒரு வீரரின் முகம் தெரிந்தால் அவர் வீட்டில் பிணம் விழும் என்ற நிலை இருந்தது. மண்டையோட்டுக்கு அப்படி எந்த நியாயமும் இல்லை. சன்னி மக்கள் அதிகம் வாழும் மொசூலை நோக்கிப் போன அரசுப் படை வாகனங்களில் ஷியாக்கள் போற்றும் இமாம் ஹுசைனின் கொடிகள் பறந்ததும் எனக்குத் தவறாகவே படுகிறது. உயிரைப் பணயம் வைத்துப் போகிறவர்களுக்கு அந்தக் கொடி தருகிற தெம்பு புரிகிறது. ஆனால் பார்க்கிறவருக்கு அது வேறு செய்தியைச் சொல்லும்.

தேசியக் கொடியே அங்கே லேசில் வந்த சின்னம் இல்லை. அதில் சதாமின் கையெழுத்து வடிவில் இருந்த 'அல்லாஹு அக்பர்' 2004இல் கூஃபி என்ற பழைய அரபு எழுத்து வடிவுக்கு மாறியது. மூன்று நட்சத்திரங்கள் 2008இல் போயின. இத்தனைக்கும் பிறகு எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சிய அந்தக் கொடித் துணி தோளில் இருந்தால் போதாதா?

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் அந்தப் படையின் மீது எனக்குள்ள மரியாதைதான். ஷியா, சன்னி, குர்து எல்லோரும் ஒரே அணியில் நின்ற படை அது. 2014இல் மொசூலில் ராணுவம் சிதறி ஓடிய பிறகும் கலையாமல் நின்றது. ரமாதி, ஃபலூஜா என்று ஒவ்வொரு ஊராக மீட்டது. மொசூலை மீட்கும் சண்டையில் மட்டும் அதற்கு 40 சதவீத இழப்பு என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆவணமே சொல்கிறது.

அந்தச் சண்டையை நடத்திய தளபதிகளில் ஒருவர் அப்துல் வஹாப் அல்-சாதி. ஷியா. அவருக்கு மொசூலில் சிலை செய்து நிறுத்தினார்கள், அரசு திறக்க விடவில்லை. 2019 செப்டம்பரில் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். அக்டோபரில் அரசுக்கு எதிரான போராட்டம் வெடித்தபோது பாக்தாத் தெருவில் இளைஞர்கள் தூக்கிப் பிடித்தது அவருடைய முகம் இருந்த படத்தை.