கத்த வைப்பது சிகிச்சை இல்லை

ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஒரு பெண்ணைக் காலி நாற்காலியில் அப்பா இருப்பதாக நினைக்கச் சொல்லி, கத்த வைத்து, தலைகாணியை அடிக்க வைக்கும் அந்த நாற்காலி வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஆறேழு முறை பார்த்துவிட்டேன். "நீங்க செய்யறதும் இதுதானே?" என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன், அதனால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன். இல்லை. உணர்ச்சி மையச் சிகிச்சை என்று நாங்கள் செய்வது இது இல்லை. கத்த வைப்பது சிகிச்சை இல்லை.

அந்தப் பெண் அலறுவதைத்தான் எல்லோரும் பார்த்தீர்கள். அலறலுக்கு முன்னால் இருக்கும் நாலைந்து விநாடியைப் பாருங்கள். "அப்பா" என்று தொடங்கியவர் நின்றுவிடுகிறார். கை தொண்டைக்குப் போகிறது. குரல் இறங்கிவிடுகிறது. "நீங்க ஒரு தடவகூட வந்து கேக்கலியேப்பா" என்கிறார். உடனே மைக் பிடித்தவர், "சத்தமா! நீங்கன்னு சொல்லாத, நீன்னு சொல்லு! அடி அந்தத் தலகாணிய!" என்கிறார். அந்தப் பெண்ணும் பாவம், சொன்னதைச் செய்கிறார். நாற்பது பேர் கைதட்டுகிறார்கள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் நாங்கள் வாரக்கணக்கில் காத்திருப்போம். அது வந்தது. வந்ததை மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் கோபமெல்லாம் அங்கேதான்.

ஏன் அந்த வரி முக்கியம் என்று சொல்கிறேன். ஒருவரிடம் முதலில் வெளியே தெரியும் உணர்ச்சியும் உள்ளே வலிக்கும் உணர்ச்சியும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. மேலே கோபம் இருக்கும், அடியில் கூனிக்குறுகிப் போன அவமானம் இருக்கும். மேலே அழுகை இருக்கும், அடியில் "இப்படிப் பண்ணிட்டாங்களே" என்ற நியாயமான கோபம் இருக்கும். அந்த அழுகையைத் தட்டிக்கொடுத்து அடக்கிவிட்டால் கோபத்துக்கு வாயே இருக்காது. இதற்கு மேல் இன்னொரு வகை உண்டு: அடுத்தவரிடம் காரியம் ஆவதற்காகப் பழகிப்போன கண்ணீர், பழகிப்போன சிடுசிடுப்பு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் உணர்ச்சி மையச் சிகிச்சையில் தெரபிஸ்ட்டின் முதல் வேலை. மேலே இருப்பதைப் போட்டு ஊதினால் அது மட்டும்தான் எரியும்.

அடியில் இருப்பதிலும் இரண்டு விதம். துணையை இழந்தவரின் துக்கம் இன்றைய இழப்புக்கு இன்று வரும் துக்கம். அதை வர விட வேண்டும், அதுவே வழிகாட்டும். ஆனால் நாற்பது வயதில் மேலதிகாரி முகம் சுளித்தால் ஏழு வயசுப் பிள்ளையாகச் சுருங்கிப்போவது பழைய புண். அதை எத்தனை முறை கொட்டினாலும் அது தீராது. அதை மாற்ற இன்னொரு உணர்ச்சி வேண்டும். அவமானம் மேலேறி நிற்கும்போதே உள்ளிருந்து "நான் அப்படி நடத்தப்பட்டிருக்கக் கூடாது" என்ற கோபமோ, அந்தச் சின்னப் பிள்ளை மேல் இரக்கமோ பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். உணர்ச்சியை மாற்றுவது உணர்ச்சிதான் என்று, இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான லெஸ்லி கிரீன்பெர்க் சொல்வதன் அர்த்தம் இதுதான். கொட்டிக் காலி பண்ணுங்கள் என்று அவர் சொல்லவில்லை.

இந்த முறை வளர்ந்தது டொராண்டோவில், யார்க் பல்கலைக்கழகத்தில். கிரீன்பெர்க், லாரா ரைஸ், ராபர்ட் எலியட் மூவரும் 1993இல் வெளியிட்ட நூல் தனிநபர் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டது. ரைஸ், வந்தவரைப் பரிவோடு கேட்பதையே சிகிச்சையின் மையமாக வைத்த கார்ல் ராஜர்ஸின் வழியில் வந்தவர். நாற்காலியோ மொரினோவின் சைக்கோடிராமா என்ற நடித்துக் காட்டும் சிகிச்சையில் இருந்து ஃபிரிட்ஸ் பெர்ல்ஸின் கெஸ்டால்ட் சிகிச்சை வழியாக வந்தது. ராஜர்ஸின் பரிவும் பெர்ல்ஸின் நாற்காலியும் சேர்ந்த இடத்தில்தான் இது பிறந்தது. வீடியோவில் நாற்காலி மட்டும்தான் இருக்கிறது.

நாற்காலியை எப்போது எடுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. குறைந்தது முதல் மூன்று செஷன் வெறும் கேட்பதுதான். அந்த நபர் நம் முன்னால் பாதுகாப்பாக உணர வேண்டும். அதற்குப் பிறகும் நமக்குத் தோன்றியபோதெல்லாம் எடுக்க முடியாது, அவர் பேச்சில் அதற்கான அடையாளம் வர வேண்டும். "எனக்கே என்னைப் பிடிக்கல, நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று தன்னைத் தானே திட்டிக்கொள்பவருக்கு இரண்டு நாற்காலி: குறை சொல்லும் குரல் ஒன்றில், அதைக் கேட்கும் மனசு இன்னொன்றில். செத்துப்போனவரையோ விலகிப்போனவரையோ பற்றிப் பேசும்போது தொண்டை அடைத்து, பாதியில் நிறுத்தி, "விடுங்க, அது பழைய கதை" என்பவருக்குக் காலி நாற்காலி: அந்த ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுவது.

"ஒரு மாதிரியா இருக்கு" என்பவருக்கு நாற்காலியே வேண்டாம். இந்த 'ஒரு மாதிரி'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் சொல்வது இதைத்தான். புதிதாக வரும் கவுன்சலர்கள் உடனே "கவலையா? பயமா?" என்று லேபிள் ஒட்டுவார்கள். ஒட்டக் கூடாது. அந்த 'ஒரு மாதிரி' உடம்பில் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும். "நெஞ்சுல." அங்கேயே கொஞ்சம் இருங்கள், அது எப்படி இருக்கிறது? "பாரமா... இல்ல, பாரம் இல்ல... அடைப்பு மாதிரி... இல்லங்க, காலியா இருக்கு." அந்தச் சொல் பொருந்தியதும் மூச்சு தானாக இறங்கும், தோள் இறங்கும். யூஜின் ஜென்ட்லின் என்ற உளவியலாளர் ஃபோகஸிங் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். வயிற்றைப் பிசையுது, நெஞ்சு அடைக்குது, ஈரக்குலை நடுங்குது என்று உடம்பை வைத்தே மனசைச் சொல்லும் மொழி நம்முடையது. இந்த வேலைக்கு இதைவிட நல்ல மொழி வேண்டாம். அப்படிப்பட்ட மொழி பேசுகிற ஒருவரிடம் போய் "சத்தமா சொல்லு" என்றால் எப்படி?

இரண்டு நாற்காலி வேலையில் மூன்று நாலு அடி இடைவெளியில் நாற்காலிகளை எதிரெதிரே போடுவோம். தெரபிஸ்ட் பக்கவாட்டில், வந்தவருக்கு நெருக்கமாக உட்கார வேண்டும். நடுவில் நீதிபதி மாதிரி உட்காரக் கூடாது. முதலில் குறை சொல்லும் குரல் பேசும். "நீ சோம்பேறி" என்று பொதுவாகச் சொன்னால் போதாது, போன செவ்வாய்க்கிழமை என்ன செய்யாமல் விட்டாய் என்பது வரைக்கும் இறங்க வேண்டும். பிறகு இடம் மாறி உட்கார்ந்ததும், "இதைக் கேட்டதும் உள்ளே என்ன ஆகுது?" என்று கேட்போம். பெரும்பாலும் முதலில் வருவது "ஆமா, அது சொல்றது சரிதான்" என்ற சரிவு. இங்கே பலர் பயந்துபோய் ஆறுதல் சொல்லத் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் "எதிர்த்துப் பேசுங்க" என்று தூண்டுவார்கள். இரண்டும் தப்பு. அந்தச் சரிவுடனேயே இருந்தால் அதற்கு அடியில் உள்ள வலி வரும். வலி வந்த பிறகு ஒரே கேள்வி: "அந்த நாற்காலிகிட்ட இருந்து உங்களுக்கு என்ன வேணும்?" அதற்கு வரும் பதிலில்தான் பலம் பிறக்கும். எதிர் நாற்காலி அதன் பிறகு இளகினால், "நீ தோத்துடுவியோன்னுதான் பயந்தேன்" என்று அதே குரல் வேறு மாதிரி பேசும். இளகாவிட்டால் விட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் இருக்கிறது. செஷன் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியைத் தொடவே கூடாது, கிளறிவிட்டு வெளியே அனுப்பக் கூடாது.

காலி நாற்காலியிலும் அப்படித்தான். அப்பாவை அங்கே உட்கார வைத்தால் முதலில் அவர் என்ன சட்டை போட்டிருக்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்று கேட்போம். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை நாங்கள் சொல்லித் தர மாட்டோம். நம் ஊரில் "நீங்க"வில் எத்தனை வருஷத்து ஏக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று தமிழ் தெரிந்தவருக்குத் தெரியாதா? "நீங்க கேக்கலியேப்பா" என்பதில் கோபமும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது. "நீ" என்று மாற்றச் சொன்னால் மூன்றில் இரண்டு செத்துப்போகும். அவராகவே ஒரு கட்டத்தில் "நீ" என்று மாறினால் அது வேறு, அது அவருடைய பேச்சு.

வீடியோவில் அந்த வரி வந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. பக்கத்தில் நகர்ந்து, அவர் குரலைவிடத் தாழ்ந்த குரலில், "ஒரு தடவகூட வந்து கேக்கல" என்று அவர் வரியையே திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தொண்டையில் இருக்கும் கை என்ன சொல்கிறது என்று பிறகு கேட்கலாம்.

"ஆனா அவங்களே நிம்மதியா இருக்குன்னு சொன்னாங்களே" என்கிறீர்கள். சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. பத்து நிமிடம் அலறினால் உடம்பு களைத்துத் தளரும், அந்தத் தளர்ச்சி நிம்மதி மாதிரியே இருக்கும். ஆனால் பிராட் புஷ்மன் என்ற உளவியல் ஆய்வாளர் 2002இல் 600 கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே பஞ்சிங் பேகைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட மேலாக இருந்தார்கள். உணர்ச்சி மையச் சிகிச்சைக்குள்ளேயே காரியரும் கிரீன்பெர்க்கும் 2010இல் மனச்சோர்வுக்கு வந்தவர்களிடம் பார்த்தது இன்னும் நேரானது: உணர்ச்சியைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஏறத்தாழ 25% அளவுக்கு உணர்ச்சி மேலெழுந்தவர்களுக்குத்தான் நல்ல பலன். அதைவிடக் குறைந்தாலும் பலன் குறைந்தது, கூடினாலும் குறைந்தது. மீதி நேரம் அந்த உணர்ச்சிக்குப் பெயர் வைக்க, யோசிக்க, புரிந்துகொள்ள வேண்டியது. தலைகாணியை அடித்துக்கொண்டே யோசிக்க முடியாது.

கோபமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அன்டோனியோ பாஸ்குவல் லியோனும் கிரீன்பெர்க்கும் 2007இல் இரண்டு கோபத்தைப் பிரித்துக் காட்டினார்கள். "ஒழிஞ்சு போ" என்று தள்ளிவிடும் கோபம் ஒன்று. "எனக்கு அது கிடைச்சிருக்கணும், அது என் உரிமை" என்று நிமிர்ந்து நிற்கும் கோபம் இன்னொன்று. முதலாவது வழியில் வரும் ஒரு ஊர், அங்கேயே இறங்கிவிடக் கூடாது. இரண்டாவதுக்குப் பெரும்பாலும் சத்தமே தேவைப்படாது, முதுகு நிமிரும், வாக்கியம் சின்னதாகிவிடும்.

"பெத்தவங்கள நாற்காலில உக்கார வெச்சு திட்டுறது நம்ம பண்பாடா?" என்று இன்னொரு பக்கம். இந்தக் கேள்விதான் என்னை ரொம்பக் காயப்படுத்துகிறது, ஏனென்றால் இதைக் கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள், அந்த வீடியோ அப்படித்தான் காட்டியது. சரியாக நடந்தால் அந்த வேலை பல நேரம் அப்பாவிடம் போய்ச் சேரும் வேலை. தன் தேவையைச் சொல்லி முடித்தவரை எதிர் நாற்காலியில் அப்பாவாக உட்கார வைத்தால், "எனக்கும் யாரும் சொல்லித் தரலம்மா" என்று அந்த அப்பா பேசுவதும் உண்டு. கொடுமை செய்தவராக இருந்தால் அப்படி உட்கார வைக்கவே மாட்டோம், மன்னிக்கச் சொல்லியும் கேட்க மாட்டோம். அவரைப் பொறுப்பாக்கிவிட்டு விலகி நிற்பதும் முடிவுதான்.

சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) போதுமே என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. ஜீன் வாட்சன் குழு 2003இல் மனச்சோர்வு உள்ள 66 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிபிடியும் இன்னொன்றுக்கு உணர்ச்சி மையச் சிகிச்சையும் 16 செஷன் வீதம் கொடுத்து ஒப்பிட்டபோது இரண்டும் மனச்சோர்வை ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குறைத்தன. எது பொருந்துகிறதோ அது.

"பதினாறு செஷனுக்கு எல்லார்கிட்டயும் காசு இருக்கா, அதான் ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போறாங்க" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் காசில்லாதவருக்கு ஆபத்தானதைக் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. மாயக்குரல் கேட்பவர், மேனியாவில் (கட்டுக்கடங்காத உற்சாக நிலையில்) இருப்பவர், சமீபத்தில் தற்கொலைக்கு முயன்றவர், இன்னமும் அடி வாங்கிக்கொண்டே ஒரே வீட்டில் இருப்பவர், இவர்களையெல்லாம் நாற்காலிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அவர்களுக்கு முதலில் மூச்சு, தரையில் கால் ஊன்றி நிதானிப்பது, தூக்கம், பாதுகாப்பு. நாற்பது பேர் மண்டபத்தில் யார் யார் இப்படி என்று அந்த மைக்குக்காரருக்குத் தெரியுமா? யாராவது முன்னாலேயே தனியாக உட்கார்ந்து கேட்டார்களா? சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்த பிறகு அந்தப் பெண் யாருடன் வீட்டுக்குப் போனார்? அடித்த தலைகாணிக்குரிய அப்பா அங்கேதானே இருக்கிறார்? திங்கட்கிழமை யார் கூப்பிட்டுக் கேட்டார்கள்?

அதைவிட வலிப்பது வீடியோ எடுத்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 24ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. ஒர்க்‌ஷாப் மண்டபம் அதில் வருமா வராதா என்று வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். அழுதுகொண்டிருப்பவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. ட்ரெய்னிங்கில் நாங்களும் செஷனைப் பதிவு செய்வோம், முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு, சூப்பர்வைசர் எங்கள் தவறைத் திருத்துவதற்காக. வந்தவர் முகத்தை ஊருக்குக் காட்டுவதற்காக இல்லை. "பவர்ஃபுல்", "கண் கலங்கிடுச்சு" என்று எழுதி ஷேர் செய்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அதைப் பார்த்து உள்ளுக்குள் ஏதாவது கிளறிவிட்டிருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அந்த மண்டபத்தில் இருந்த நாற்பது பேரில் யாராவது இதைப் படித்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். வீடியோவைப் பற்றிப் பேச வேண்டாம். எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள். யாரும் வந்து கேட்கவில்லை என்றுதானே அவர் அன்றைக்குச் சொன்னார்.