டரான்டுலா பெட்டியில் பாதி மண்ணாக இருக்கட்டும்

முதல் முறையாக டரான்டுலா (ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி) வாங்கப் போகிற தம்பி ஒருவர் இன்பாக்ஸில் தொட்டிப் படம் அனுப்பியிருந்தார். இரண்டடி உயரக் கண்ணாடித் தொட்டி. உள்ளே காய்ந்த மரக்கிளை, பிளாஸ்டிக் கொடி, மண்டையோட்டு பொம்மை, மேலே சிவப்பு விளக்கு. "எப்படிண்ணே இருக்கு?"

போட்டோ எடுக்க நல்லா இருக்கு தம்பி. ஆனா நீங்க வாங்கப்போறது 'மெக்சிகன் ரெட் நீ' (Mexican red knee) என்கிற டரான்டுலா வகை. அதுக்கு இதில் எதுவுமே வேண்டாம்.

மெக்சிகோவின் பசிபிக் கரையோர வறண்ட காடுகளில் பாறைக்கும் மரவேருக்கும் அடியில் வளை தோண்டி, வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தப் பொந்துக்குள்ளேயே கழிக்கிற ஜீவன் அது. பெண் சிலந்தி என்றால் 25 வருஷத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். அதைக் கொண்டுவந்து தோண்ட மண் இல்லாத உயரமான தொட்டியில் விடுவது, படுக்க அறையே இல்லாமல் முகப்பை மட்டும் இழைத்துக் கட்டிய வீட்டில் குடி வைக்கிற மாதிரி. இங்கே இங்கிலாந்திலும் கடைக்காரர்கள் இதைத்தான் தலையில் கட்டுகிறார்கள். விலையுள்ள தொட்டி, விளக்கு, ஹீட் மேட் (தொட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பு) எல்லாம் சேர்ந்தால்தானே பில் ஏறும்!

உயரம் வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. தரைவாழ் டரான்டுலாவுக்கு உடம்பு கனம், வயிற்றின் தோல் மெல்லிசு. கண்ணாடியில் ஏறி அங்கிருந்து விழுந்தால் வயிறு கிழிந்துவிடலாம், கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. அதனால் மண்ணிலிருந்து மூடி வரை உள்ள இடைவெளி, விரித்த காலளவில் (ஒரு கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கக் கால் நுனி வரை) ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. 13 செ.மீ. காலளவு உள்ள சிலந்திக்கு 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி, அதில் பாதி மண். காற்றுக்குத் துளை போட்ட, மூடி இறுக்கமாகப் பூட்டுகிற பிளாஸ்டிக் டப்பாவே தாராளம். கம்பிவலை மூடி மட்டும் ஆகாது. கால் நுனி நகம் வலையில் மாட்டி, தொங்கி, காலையே இழந்துவிடும். துளையிட்ட அக்ரிலிக் தகடு வெட்டிப் போடுங்கள். முன்பக்கம் கதவு வைத்த தொட்டியில் இன்னொரு தொல்லை: கதவின் அடிவிளிம்பு வரைதான் மண் நிரப்ப முடியும். பெரும்பாலும் நாலு விரல் ஆழம்கூடத் தேறாது.

மண் விஷயத்தைத்தான் நான் அதிகம் பேசுவேன். கடையில் செங்கல் வடிவில் அழுத்தி விற்கிற தேங்காய் நார்த்தூள் நல்லதுதான். (பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுக்குப் பின்னால் இது மலையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன், இங்கே பவுண்டு கொடுத்து வாங்குகிறேன்.) ஆனால் அது தனியாகக் காய்ந்தால் பொலபொலவென்று உதிரும், வளை நிற்காது. உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்டமண்ணைச் சரிபாதி சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், பிழிந்தால் சொட்டக்கூடாது என்கிற பதத்தில் நிரப்பி, உள்ளங்கையால் நன்றாக அமுக்கிவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே சிலந்தியை விடுங்கள். ஈரம் இருந்தால் தரையில் கால் வைக்கப் பிடிக்காமல் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். புது இடம் என்றால் காய்ந்த மண்ணிலும் சில நாள் அப்படித்தான் செய்யும், பயப்படாதீர்கள்.

ஒரு மூலையில் பாதி கொட்டாங்குச்சியைச் சாய்த்துப் புதைத்து, அடியில் விரல் விட்டு ஒரு பள்ளம் ஆரம்பித்துக் கொடுங்கள். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: மண்ணை உருட்டி, வாய்ப்பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக வெளியே வரும். கொண்டுவந்து எங்கே கொட்டும்? நேராக நாம் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில்! கழுவி நிரப்பி வைத்தால் அடுத்த ராத்திரி மறுபடியும் கொட்டும். கிண்ணம் தட்டையாக இருக்கட்டும். ஸ்பாஞ்ச் வேண்டாம், அழுக்கும் கிருமியும்தான் சேரும்.

ஹீட் மேட்டை அடியில் வைப்பது சுத்த முட்டாள்தனம் என்பது என் கருத்து. சூடு தாங்காவிட்டால் கீழே தோண்டிப் போவதுதான் இந்தச் சிலந்தியின் பழக்கம். கீழேயே அடுப்பை வைத்தால் தப்பிக்கிறேன் என்று சூட்டுக்குள்ளேயே போய்க் காய்ந்து சாகும். ஸ்வெட்டர் இல்லாமல் நாம் உட்காரக்கூடிய அறை என்றால் அதற்கும் போதும்.

"இவ்வளவு மண் போட்டா பார்க்கவே முடியாதே?" என்று கேட்பீர்கள். ஆமாம், பல நாள் முடியாது. வளை வாயை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும், இரையும் எடுக்காது. செத்துப்போச்சோ என்று தோண்டிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். தோண்டாதீர்கள். பெரும்பாலும் தோலுரிக்கத் தயாராகிக்கொண்டிருக்கும். வெளியே மல்லாந்து கிடந்தாலும் தொடாதீர்கள், அது உரிக்கிற நிலை. போட்ட சுவர்க்கோழி உயிரோடு திரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள், அசையமுடியாமல் கிடக்கும் சிலந்தியை அது கடித்துத் தின்றுவிடும். உரித்த பிறகு பல் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அது நன்றாகக் கறுத்து இறுகிய பிறகு இரை போட்டால் போதும். அதுவரை தண்ணீர் மட்டும் மாற்றுங்கள்.