ஹெட் கேஸ்கெட்டை அளந்து போடச் சொல்லுங்கள்

இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும்போது பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் அளவு பார்த்துத்தான் வாங்குகிறோம். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே உட்கார்ந்து கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கு மட்டும் வண்டியின் மாடலைச் சொல்லி, கடைக்காரர் எடுத்து நீட்டுவதை வாங்கி வந்துவிடுகிறோம். தடிமன் என்ன என்று கேட்டால், "இருக்கறதுலயே தடியானதப் போட்டுக்கங்கண்ணா, சேஃப்டி" என்கிறார்கள். நீலகிரியில் டீசல் வண்டி ஓட்டுகிற யாரும் இந்த சேஃப்டியை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

பல டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக்கின் மட்டத்தோடு நிற்காது, கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். பிளாக், கனெக்டிங் ராடு, பிஸ்டன் மூன்றிலும் தயாரிப்பில் வரும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் சேர்ந்து, அந்த எட்டல் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். அதைச் சரிக்கட்டத்தான் ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று தடிமனில் கேஸ்கெட் வருகிறது. ஓரத்தில் இருக்கும் துளையோ வெட்டோ அதற்கான அடையாளம். பழைய ஸ்கோடா ஆக்டேவியாவில் வந்த 1.9 டிடிஐ இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டல் 0.91 முதல் 1.00 மி.மீ. வரை இருந்தால் ஒரு துளை கேஸ்கெட், தடிமன் 1.45. 1.01 முதல் 1.10 வரை என்றால் இரண்டு துளை, 1.53. 1.11 முதல் 1.20 வரை என்றால் மூன்று துளை, 1.61. கழித்துப் பாருங்கள், எந்த வரிசையை எடுத்தாலும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சுவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். கம்பெனி இத்தனை பாடுபடுவது அந்த அரை மில்லிமீட்டருக்காக.

"ஒரு பாயின்ட் ரெண்டு பாயின்ட் கூடினா என்ன ஆயிரும்?" என்பார்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மஹிந்திராவின் 2523 சிசி டிஐ (டீசலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும்) இன்ஜினில் சிலிண்டரின் விட்டமான போர் 88.9 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 101.6. ஒரு சிலிண்டருக்கு சுமார் 630 சிசி. கம்ப்ரஷன், அதாவது காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, 18 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 37 சிசி. கேஸ்கெட் 0.3 மி.மீ. கூடினால் அந்த இடம் கிட்டத்தட்ட 1.9 சிசி கூடும், கம்ப்ரஷன் 17.2 ஆகிவிடும். கோயம்புத்தூரில் இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில்தான் பற்ற வேண்டும். உள்ளே வரும் காற்றே குறைச்சல், அதையும் முழுசாக அமுக்காமல் விட்டால், உறைபனி விழுந்த ஜனவரி காலையில் அந்த வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும்?

கேத்தி பக்கம் காரட் லோடு அடிக்கிற சொந்தக்காரர் ஒருவரின் பிக்கப்புக்கு நடந்தது இதுதான். கீழே ஒரு பட்டறையில் ஃபுல் இன்ஜின் வேலை. அங்கே ஒரே சாவியில் ஸ்டார்ட். மேலே வந்தபிறகு தினமும் காலையில் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும், ஸ்டார்ட் ஆனாலும் வெள்ளைப் புகை. பம்பைக் கழற்றினார்கள், நாசிலை மாற்றினார்கள், பேட்டரியும் புதிதாக வந்தது. கடைசியில் ஹெட்டை இறக்கிப் பார்த்தால் எட்டலுக்குச் சம்பந்தமே இல்லாத தடி கேஸ்கெட். போட்டவரைக் கேட்டால், "இங்க நல்லாத்தானே ஓடுச்சு" என்கிறார். அவர் சொல்வதிலும் பொய் இல்லை. மேட்டுப்பாளையத்துக் காற்றில் ஓடத்தான் செய்தது!

சரி, அப்படியென்றால் மெல்லியதாகப் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகளை இரண்டாவது கியரில் இறங்கும்போது இன்ஜின் எவ்வளவு சுற்றும் என்று நமக்குத் தெரியும். அந்த வேகத்தில் கனெக்டிங் ராடு துளி நீளும், பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கும், பேரிங்கில் தளர்வு இருக்கும். இடைவெளி போதவில்லை என்றால் பிஸ்டன் ஹெட்டில் போய்த் தட்டும்.

ஆகவே அளக்க வேண்டும். பிஸ்டன் தலையையும் பிளாக் முகத்தையும் கரி இல்லாமல் துடைத்து, நுண்ணிய அளவைக் காட்டும் டயல் கேஜை பிளாக்கில் வைத்து பூஜ்யமாக்கி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பார்ப்பது. பிஸ்டன் பின் போகும் கோட்டின் மேல் இரு பக்கமும் அளக்க வேண்டும், மற்ற இடத்தில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து அளவு தப்பும். நாலு சிலிண்டரையும் பார்த்து, அதில் அதிகமாக எட்டுவதை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இன்ஜின்கள் உண்டு, சராசரி எடுக்கச் சொல்வதும் உண்டு. மேனுவல் சொல்வதே சட்டம். டயல் கேஜ் இல்லை, கையால் தடவிப் பார்த்தாலே தெரியும் என்று சொல்லும் இடத்தில் நான் வண்டியை விடமாட்டேன்.

பழைய கேஸ்கெட்டில் எத்தனை துளை என்று பார்த்து அதையே வாங்குவது ஒரு வழக்கம். பிஸ்டன், ராடு, பிளாக் எதையும் தொடவில்லை என்றால், அதுவும் கம்பெனியில் போட்ட கேஸ்கெட்டாக இருந்தால், சரி. பிளாக்கின் முகத்தைச் சீவி மட்டமாக்கும் ஃபேசிங் பண்ணியிருந்தால் எவ்வளவு சீவினார்களோ அவ்வளவு எட்டல் கூடியிருக்கும். வேறு கம்பெனி பிஸ்டன் வந்திருந்தால் பின்னிலிருந்து தலை வரைக்கும் உள்ள உயரம் மாறியிருக்கலாம். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி ரீபோர் செய்தவர்கள் தடிமனோடு கேஸ்கெட்டில் சிலிண்டருக்கான துளையின் விட்டத்தையும் பார்க்க வேண்டும். 1 மி.மீ. ஓவர்சைஸ் போட்டால் 88.9 போர் 89.9 ஆகிவிடும். அந்தத் துளையைச் சுற்றியிருக்கும் கேஸ்கெட்டின் தீ வளையம் அதைவிடச் சின்னதாக இருந்தால் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு, பழுத்துச் சிவந்து, அங்கிருந்தே எரிய ஆரம்பிக்கும்.

தண்ணீர் ஓட்டைகள் பிளாக்கில் பெரிதாகவும் கேஸ்கெட்டில் சின்னதாகவும் இருப்பதைப் பார்த்து டிரில் போட்டுப் பெரிதாக்குகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். எந்த சிலிண்டருக்கு எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று கணக்குப் பண்ணித்தான் அதைச் சின்னதாக விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, "ஹெட்ட ஃபேசிங் பண்ணியாச்சு, அதனால தடி கேஸ்கெட்." பெட்ரோல் இன்ஜினுக்கு இதில் நியாயம் உண்டு. அங்கே எரியும் அறை ஹெட்டுக்குள் குழிவாக இருக்கும், சீவினால் கம்ப்ரஷன் ஏறும். மெல்லிய காற்றில் ஊட்டியில் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) கேட்காது, அதே வண்டி கோவைக்கு இறங்கி லோடு இழுத்தால் தட்டும். ஆனால் டிஐ டீசலில் ஹெட் தட்டை, குழி இருப்பது பிஸ்டன் தலையில். ஹெட்டைச் சீவினால் எட்டல் மாறாது, மாறுவது வால்வ் உள்ளடங்கியிருக்கும் ஆழம். அதை அளந்து வால்வ் உட்காரும் சீட்டை வெட்ட வேண்டுமே தவிர, கேஸ்கெட்டைத் தடியாக்கி மறைக்கக் கூடாது. 1.9 டிடிஐ மாதிரி சில இன்ஜின்களில் ஹெட்டைச் சீவவே கூடாது என்றிருக்கிறது.

இவ்வளவுக்கும் செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. டயல் கேஜ் பிடிக்க அரைமணி நேரம், சரியான கேஸ்கெட் வரும்வரை ஒருநாள் இரண்டு நாள் காத்திருப்பு. லோடு போகிற வண்டிக்காரருக்கு அந்த இரண்டு நாள் வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இன்ஜினைப் பிரித்த அன்றைக்கே அளப்பதிலும் பிரயோஜனமில்லை, பிஸ்டன் மாறினால் எட்டலும் மாறலாம். புதுப் பிஸ்டனைக் கோத்து பேரிங் கேப்பை இறுக்கியதும் அளந்துவிட வேண்டும், ஹெட் லேத்திலிருந்து திரும்பி வருவதற்குள் கேஸ்கெட் கைக்கு வந்துவிடும். பில்லில் நாலு சிலிண்டரின் எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.